பழைய பிக்கப்புல கேபின் மவுண்ட் எல்லாம் துருப்பிடிச்சிருக்கு, கதவைத் தூக்கிப் பிடிச்சாதான் சாத்த முடியுது, பள்ளத்துல இறங்குனா டொம்முன்னு சத்தம் வருது, ரப்பர் கிட் வாங்கி நானே மாத்திடலாமா?

மாத்தலாம். ஆனா கிட் ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி வண்டிக்கு அடியில படுத்து ஒரு தடவை நல்லா பாத்துடுங்க. மவுண்ட்டுங்கிறது கேபினை சேஸ் மேல, அதாவது வண்டியோட அடிச்சட்டத்து மேல, உக்கார வெக்கிற ரப்பரும் போல்ட்டும்தான். மவுண்ட் போச்சுன்னு பொதுவா சொல்லிடுறோம், ஆனா ரப்பர் நைஞ்சு போறது ஒரு வேலை, போல்ட்டும் நட்டும் துருவுல ஒட்டிக்கிட்டு நிக்கிறது வேற வேலை, ரப்பர் உக்கார்ற கேபின் தகடே அரிச்சுப் போறது முழுக்க வெல்டிங் வேலை. கடைசி கேஸ்ல புது ரப்பரைக் கொண்டுபோய் எங்க வெப்பீங்க, உக்கார இடமே இருக்காதே. கதவைத் தூக்கிப் பிடிச்சாதான் சாத்த முடியுது, பள்ளத்துல இறங்குனா டொம்முன்னு சத்தம் வருதுன்னு வேற எழுதியிருக்கீங்க, அதைப் பாத்தா விஷயம் ரப்பரோட நிக்கலைன்னுதான் எனக்குத் தோணுது.

பாக்குறதுன்னா கண்ணால பாக்குறது இல்ல, சுத்தியலால தட்டிப் பாக்கணும். துரு, இரும்பு இருந்த இடத்தைவிட பல மடங்கு இடத்தை அடைச்சுக்கும், அதனால அரிச்சுப் போன தகடு உப்பி நல்லா தடிமனா இருக்குற மாதிரியே தெரியும், ஏமாந்துடாதீங்க. நல்ல இரும்புல தட்டுனா கணீர்னு கேக்கும், போன இடத்துல சொத்துன்னு கேட்டு ஏடு ஏடா உதிரும். பழைய ஸ்க்ரூடிரைவர் ஒண்ணை வெச்சு ரப்பருக்கு மேல இருக்குற தகட்டைக் குத்துங்க, உள்ள போச்சுன்னா சந்தேகமே வேண்டாம். பெரும்பாலும் பின்பக்க மூலை ரெண்டும்தான் முதல்ல போகும், சக்கரம் வாரி அடிக்கிற சேறு அந்தப் பெட்டி மாதிரி மடிச்ச தகட்டுக்குள்ள போய் தங்கி ஈரம் காயவே காயாது. அப்படியே சேஸ்ல இருந்து நீட்டிக்கிட்டிருக்குற பிராக்கெட்டையும் சேஸையும் தட்டிப் பாத்துடுங்க. சேஸ்லயே ஓட்டை விழுதுன்னா கேபினை மறந்துடுங்க, முதல்ல அதுக்கு ஒரு வழி பண்ணணும், அதுக்கப்புறம்தான் மத்ததெல்லாம்.

இரும்பு நல்லா இருக்கு, ரப்பர் மட்டும்தான்னு வெச்சுக்குவோம். அப்பவும் நேரத்தை எல்லாம் முழுங்கப் போறது போல்ட்டுதான். நிறைய வண்டியில போல்ட் கீழ இருந்து மேல போகும், நட்டு கேபின் தரைக்குள்ள ஒரு சின்ன கூண்டுக்குள்ள கிடக்கும், அந்தக் கூண்டுதான் நட்டு சுத்தாம பிடிச்சுக்கிறது. துருப்பிடிச்ச போல்ட்டுல நேரா இம்பாக்ட் கன்னை, அதாவது தட்டித் தட்டிச் சுத்துற மெஷினை, வெச்சு அழுத்துனா போல்ட் கழறுறதுக்குப் பதிலா கூண்டு பிஞ்சிடும், அப்புறம் போல்ட்டும் நட்டும் சேந்து சுத்திக்கிட்டே இருக்கும், நீங்க எவ்ளோ நேரம் சுத்துனாலும் அதே கதைதான். அதனால துரு இளக்குற ஆயிலை ரெண்டு மூணு நாள் முன்னாடியே ஆரம்பிச்சு காலையும் சாயங்காலமும் அடிங்க, முடிஞ்சா மேல இருந்து நட்டுலயே படுற மாதிரி. கழட்டும்போது நீளமான கம்பி போட்டுக் கையால, முதல்ல லேசா டைட் பண்ற பக்கம், அப்புறம் லூஸ் பக்கம், மாத்தி மாத்தி. கால் சுத்து வந்துச்சா, நிறுத்தி திரும்ப ஆயில் அடிங்க. போல்ட் தலையை மட்டும் கவனிச்சுக்கிட்டே இருங்க: சுத்தச் சுத்த நூலளவாவது கீழ இறங்குதுன்னா நட்டு பிடிச்சிருக்கு, தைரியமா தொடரலாம். அதே இடத்துல நின்னு சுத்துதுன்னா கூண்டு போயிடுச்சு, உடனே நிறுத்துங்க.

கூண்டு போனாலும் ஒண்ணும் குடி முழுகிடல. சீட்டையும் கார்ப்பெட்டையும் எடுத்துட்டு மேல இருந்து பாருங்க, சில மாடல்ல ஒரு ரப்பர் மூடி இருக்கும், அதைக் கழட்டுனா நட்டு தெரியும். இல்லைன்னா நட்டுக்கு நேர் மேல தரைத் தகட்டை மூணு பக்கம் மட்டும் வெட்டி மடிச்சு விட்டுட்டு, ஸ்பானரை உள்ள விட்டு நட்டைப் பிடிச்சுக்கலாம், வேலை முடிஞ்சதும் மடிச்சதை மூடி வெல்ட் வெச்சு சீலர் பூசிடலாம். அதுக்கும் மசியலைன்னா ரப்பரைக் கத்தியால சீவி எடுத்துட்டு, கேபினுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவுல பிளேடை விட்டு போல்ட்டையே அறுத்துட வேண்டியதுதான். கேஸ் டார்ச் வெச்சு சூடு பண்ணச் சொல்லி நிறைய பேர் சொல்வாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. மேல கார்ப்பெட், சீட்டு பஞ்சு, பக்கத்துல பெட்ரோல் குழாய், பிரேக் குழாய், நடுவுல ரப்பர், இதுல எது முதல்ல பத்திக்கும்னு சொல்லவே முடியாது.

கேபினைத் தூக்குறதுக்கு முன்னாடி பேட்டரி வயரைக் கழட்டிடுங்க. ஒரு பக்கத்து போல்ட்டை எல்லாம் எடுத்துட்டு எதிர்ப்பக்கத்துல இருக்குறதை லூஸ் மட்டும் பண்ணுங்க, முழுசா எடுக்காதீங்க, எடுத்தா கேபின் நகந்துடும். ஜாக்கி தலைக்கு மேல அகலமான கட்டை ஒண்ணு வெச்சு, மவுண்டுக்குப் பக்கத்துல கெட்டியான இடமாப் பாத்து கொடுங்க, வெறும் தரைத் தகட்டுல கொடுத்தா குழி விழுந்துடும். பழைய ரப்பரை உருவுற அளவுக்கு ரெண்டு இஞ்ச் தூக்குனா போதும். தூக்கும்போது எதெல்லாம் கேபின்ல இருந்து சேஸுக்கோ எஞ்சினுக்கோ போகுதோ அதெல்லாம் இழுபடும்: ஸ்டீயரிங் ராடு, கியர் லிங்கேஜ், ஹேண்ட் பிரேக் கேபிள், ரேடியேட்டர் ஹோஸ், எர்த் வயர். ஃபேன் எஞ்சின்ல இருக்கும், அதைச் சுத்தி இருக்குற பிளாஸ்டிக் கவர் ரேடியேட்டரோட இருக்கும், ரேடியேட்டர் பாடியோட இருக்கும், அதனால கேபினோட முன்பக்கமும் சேந்து தூக்குனா அந்தக் கவர் போய் ஃபேன்ல முட்டும். ஒருத்தர் ஜாக்கியை அடிக்க இன்னொருத்தர் முன்னாடி நின்னு பாக்குறது நல்லது. ஜாக்கியை மட்டும் நம்பி கையை நடுவுல விடாதீங்க, பக்கத்துலயே கட்டை அடுக்கிட்டு விடுங்க.

இப்போ தகடு அரிச்சிருந்தா. ஒரு சமயத்துல ஒரு மவுண்ட் மட்டும்தான் வெட்டணும், மத்ததெல்லாம் கேபினைத் தாங்கிக்கிட்டிருக்கணும். வெட்டுறதுக்கு முன்னாடி கதவு இடைவெளி, கேபினுக்கும் பின்னாடி சாமான் ஏத்துற தொட்டிக்கும் நடுவுல உள்ள இடைவெளி எல்லாத்தையும் அளந்து தகட்டுலயே மார்க்கர்ல எழுதிடுங்க. கதவுக்குக் கீழ உள்ள தகடும் சேந்து போயிருந்தா கதவு வாசலுக்குக் குறுக்கக் கம்பி ஒண்ணை வெல்ட் வெச்சுட்டுத்தான் வெட்டணும், இல்லைன்னா வாசலே கோணிடும், அப்புறம் கதவு ஜென்மத்துக்கும் சேராது. துருவுக்கு மேல வெல்டிங் நிக்காது, பளபளன்னு இரும்பு தெரியுற வரைக்கும் வெட்டிக்கிட்டே போகணும், கைப்பிடி அகலம்னு ஆரம்பிச்சது முழம் வரைக்கும் போனாலும் போகட்டும். முழுசா வெல்ட் வைக்கிறதுக்கு முன்னாடி நாலு இடத்துல புள்ளி மட்டும் வெச்சு, போல்ட்டை மாட்டி, கதவைச் சாத்திப் பாருங்க. உள்பக்கம் பூராவும் மெழுகு ஸ்ப்ரே அடிச்சிடுங்க, தண்ணி வெளிய போற ஓட்டையை மட்டும் அடைச்சிடாதீங்க, பழைய தகடு போனதுக்குப் பாதிக் காரணமே அந்த ஓட்டை சேறு அடைச்சுக் கிடந்ததாத்தான் இருக்கும். வெல்டிங் கை இல்லைன்னா இந்த ஒரு பகுதியை மட்டும் தெரிஞ்சவங்ககிட்ட விட்டுடுங்க, கேபினைத் தாங்குற இடம் இது, பழகிப் பாக்குற இடம் இல்ல.

ரப்பரா, பாலியூரித்தேன்ங்கிற கெட்டி பிளாஸ்டிக்கான்னா, பாலி நாள்பட உழைக்கும், ஆனா அதிர்வு சீட்டு வரைக்கும் வரும், அதுக்குன்னு சொல்ற சிலிக்கோன் கிரீஸ் போடலைன்னா கீச்சு கீச்சுன்னு உயிரை வாங்கும். தினமும் ஓட்டுற வண்டின்னா நான் ரப்பர்தான் சொல்வேன். எதை வாங்குனாலும் நடுவுல போற இரும்புக் குழலும் குழிவாசரும் புதுசா வருதான்னு பாத்து வாங்குங்க. ரப்பர் எவ்ளோ நசுங்கணும்னு முடிவு பண்றதே அந்தக் குழல்தான், துருப்பிடிச்சு குட்டையாப் போன பழசைப் போட்டா ரப்பர் அளவுக்கு மீறி நசுங்கி சீக்கிரமே பிஞ்சிடும்.

எல்லா போல்ட்டையும் கையாலயே மரை ஏத்திட்டு, கதவு இடைவெளியை அளவோட ஒத்துப் பாத்து, தேவைப்பட்டா தகட்டு பாக்கிங் கொடுத்துட்டு, அப்புறமா சர்வீஸ் மேனுவல்ல உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்ச்ல (இறுக்குற விசையை அளந்து காட்டுற ஸ்பானர்) இறுக்குங்க. மரையில கிரீஸோ ஆன்டி சீஸோ (மரை ஒட்டிக்காம இருக்கத் தடவுற பேஸ்ட்) தடவியிருந்தா அதே டார்க்குல போல்ட் கூடுதலா இழுபடும், அதையும் கணக்குல வெச்சுக்கோங்க. சில நூறு கிலோமீட்டர் ஓட்டுன பிறகு ரப்பர் உக்காந்து போல்ட் லேசா லூஸ் ஆகியிருக்கும், இன்னொரு தடவை டார்க் வெச்சுப் பாத்துடுங்க.