மிளகாயில் முரணை: இலைப்பேன் மருந்து ஏன் கேட்கவில்லை?

கேள்வி: ஐயா, ஒரு ஏக்கரில் முண்டு மிளகாய் போட்டிருக்கிறேன். செடிக்கு ஐம்பது நாள் ஆகிறது. கொழுந்தெல்லாம் சுருண்டு நிற்கிறது. மருந்துக்கடையில் இலைப்பேன் என்று சொல்லி இமிடாகுளோபிரிட் கொடுத்தார்கள். இரண்டு தடவை அடித்தும் கேட்கவில்லை. பக்கத்துக் காட்டுக்காரர் வைரஸ், பிடுங்கிப் போடு என்கிறார். கொழுந்தும் பூவும் பறித்து அனுப்பியிருக்கிறேன். என்ன செய்யலாம்?
(விவசாயி, கமுதி வட்டாரம், இராமநாதபுரம் மாவட்டம்)

பதில்: பிடுங்க வேண்டாம். இது வைரஸ் இல்லை.

உங்கள் கொழுந்தின் அடிப்பக்கத்தை நுண்ணோக்கியில் 40 மடங்கு பெரிதாக்கிப் பார்த்தேன். நடுநரம்பை ஒட்டி, கண்ணாடி போல மினுங்கும் வெளிர்மஞ்சள் உயிரிகள் கூட்டமாக இருந்தன. கொழுந்தைச் சுருட்டி முரணை நோய் வரவைக்கும் மஞ்சள் முரணைச் சிலந்திதான் அது. முட்டையைப் பார்த்ததும் இருந்த கொஞ்ச சந்தேகமும் தீர்ந்தது: ஒளி ஊடுருவும் நீள்வட்ட முட்டை, அதன் மேல் வரிசை வரிசையாக வெள்ளை மொட்டுகள். இளம் பெண் சிலந்தியைத் தூக்கிக்கொண்டு நகரும் ஆண்களையும் பார்க்க முடிந்தது. பெண்ணே 0.2 மில்லிமீட்டர்தான் இருக்கும். வெறும் கண்ணுக்குத் தெரியாது, அதனால்தான் கடைக்காரரும் தவறவிட்டார்.

இதற்கு எட்டுக் கால், பூச்சியினமே கிடையாது. இமிடாகுளோபிரிட் இதைக் கொல்லாது. மருந்து கேட்கவில்லையே என்று அளவைக் கூட்டியோ, சைபர்மெத்ரின் போன்ற பூச்சிமருந்துகளைக் கலந்தோ தயவுசெய்து அடிக்காதீர்கள். சிலந்தியைத் தின்னும் நன்மை செய்யும் உயிரிகள் செத்து, முரணை இன்னும் பெருகும்.

இலைப்பேனும் இல்லாமல் இல்லை. பூக்களைத் தட்டியதில் சில விழுந்தன: வைக்கோல் நிறம், ஒரு மில்லிமீட்டர் நீளம், ஓரமெல்லாம் மயிர்க்குஞ்சம் வைத்த ஒடுங்கிய இறக்கை. இதற்கு இடது தாடை மட்டும்தான் வளர்ந்திருக்கும். அதனால் திசுவைக் குத்திச் சுரண்டி, கசியும் சாற்றை உறிஞ்சும். 2021-இல் ஆந்திரா, தெலங்கானா மிளகாயைச் சூறையாடிய கருப்பு இலைப்பேன் உங்கள் பூக்களில் இல்லை. பூவுக்குள் கருப்பாகக் கூட்டம் தெரிந்தால் மட்டும் உடனே வட்டார தோட்டக்கலை அலுவலரிடம் காட்டுங்கள்.

காட்டில் நின்றே அடையாளம் காணலாம். இலை ஓரம் மேல்நோக்கி மடிந்து படகு போல நின்றால் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்து, காம்பு நீண்டு, அடிப்பக்கம் பழுப்பேறித் தடித்தால் முரணைச் சிலந்தி. வைரஸ் என்றால் செடியே குட்டையாகி, இலை சிறுத்து, நரம்பு வெளுக்கும். எந்த மருந்துக்கும் மீளாது. பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விலை அதிகமில்லை, ஒரு தடவை வீணாகும் மருந்துச் செலவு மிஞ்சினாலே போதும்.

இப்போது ஸ்பைரோமெசிஃபென் 22.9 எஸ்.சி. என்ற சிலந்திக்கொல்லி மருந்தைப் பத்து லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி கலந்து அடியுங்கள். கைத்தெளிப்பானின் முனையைக் கீழிருந்து மேலாகத் திருப்பி, கொழுந்தின் அடிப்பக்கம் நனைய வேண்டும். மேலே மட்டும் அடித்தால் அடித்த மாதிரியே இல்லை. சிலந்தி ஒரு வாரத்துக்குள் முட்டையிலிருந்து முழு வளர்ச்சி அடைந்துவிடும். ஆகவே எட்டாம் நாள் கொழுந்தை மறுபடி லென்ஸில் பாருங்கள். உயிருள்ளவை இருந்தால் மருந்தை மாற்றி, ஃபென்பைராக்சிமேட் 5 இ.சி. லிட்டருக்கு 1 மில்லி அடிக்கலாம். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் எதிர்ப்பு வந்துவிடும்.

இலைப்பேன் இந்த அளவில் இருந்தால் 5 சத வேப்பங்கொட்டைக் கரைசல் போதும். வெள்ளை ஈயையும் கவனியுங்கள்: முரணைச் சிலந்தி அதன் காலைப் பற்றிக்கொண்டு அடுத்த செடிக்குப் போகும்.

சுருண்ட இலை இனி விரியாது, அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். புதுக் கொழுந்து நேராக வருகிறதா என்று மட்டும் பாருங்கள். காய்ப்புப் பருவத்தில் அடிக்க நேர்ந்தால், ஸ்பைரோமெசிஃபென் அடித்து 7 நாள் கழித்தே பழம் பறியுங்கள்.