மருந்து கரைந்ததா என்று முதலில் பாருங்கள்

கேள்வி: ஃபார்மசியில் முதுகலை முடித்துவிட்டு மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் பிஎச்.டி. சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது. புற்றுநோய் செல்களில் ஒரு சேர்மம் எப்படி வேலை செய்கிறது என்பது என் தலைப்பு. ஒரு வாரம் ரிசல்ட் வருகிறது, அடுத்த வாரம் அதே சோதனையில் ஒன்றுமே இல்லை. கூட இருப்பவர்கள் எல்லாம் உயிரியல் படித்தவர்கள், அவர்கள் பேசுவது எனக்குப் பாதிதான் புரிகிறது. என்னோடு படித்தவர்கள் கம்பெனிகளில் நன்றாக இருக்கிறார்கள். தப்பான இடத்துக்கு வந்துவிட்டேனா? விட்டுவிடலாமா?

பதில்: இப்போதைக்கு விடாதீர்கள். விடுவதே தப்பு என்று சொல்லவில்லை, எதனால் ரிசல்ட் மாறுகிறது என்று தெரியாமல் விட்டால் அந்தக் கேள்வி காலத்துக்கும் கூடவே வரும்.

நானும் உங்களைப் போல மருந்துப் பக்கத்திலிருந்து செல் பக்கம் போனவன்தான். டோஸைக் கூட்டினாலும் செல் சாவது கூடவில்லை, மூன்று மாதம் ஆன்டிபாடியைச் சந்தேகப்பட்டேன், செல்லைச் சந்தேகப்பட்டேன், கடைசியில் என் கையையே சந்தேகப்பட்டேன். ஒருநாள் பிளேட்டை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் செல்களுக்கு மேலே மெல்லிசாக ஊசி ஊசியாகப் படிகங்கள். டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கண்ணாடி மாதிரி கரைந்திருந்த மருந்து, செல் வளர்க்கும் தண்ணீரான மீடியத்தில் விட்டதும் பிரிந்து வெளியே வந்துவிட்டது. செல்லுக்குள் போகவே இல்லாத மருந்தை வைத்துக்கொண்டு அது எந்தப் புரதத்தைத் தடுக்கிறது என்று தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். கரைதிறன் என்பது ஃபார்மசிக்காரருக்கு ஆரம்பப் பாடம், அதைத்தான் நான் ஆய்வக வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு உள்ளே போயிருந்தேன்.

நீங்களும் அப்படித்தான் செய்கிறீர்களோ என்று உங்கள் கடிதத்தைப் படித்ததும் தோன்றியது. அதனால் முதலில் இதைச் செய்யுங்கள்: செல்லே இல்லாத பிளேட்டில் மீடியத்தை மட்டும் ஊற்றி, நீங்கள் கொடுக்கும் உச்சபட்ச டோஸை விட்டு, 37 டிகிரியில் ஒருநாள் வைத்துப் பாருங்கள். டிஎம்எஸ்ஓ-வில் கரைத்து வைத்திருக்கும் ஸ்டாக்கை எத்தனை முறை உறையவைத்து உருக்கினீர்கள்? டிஎம்எஸ்ஓ ஈரத்தை இழுக்கும், புதிதாகத் தயாரித்துச் சின்னச் சின்னக் குழாய்களாகப் பிரித்து வையுங்கள். மருந்து இல்லாத கண்ட்ரோலிலும் அதே அளவு டிஎம்எஸ்ஓ இருக்கிறதா? மீடியத்தில் சேர்க்கும் சீரம் பாட்டில் எப்போது மாறியது? மருந்து சீரத்தில் உள்ள ஆல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டால் செல்லுக்குக் கிடைப்பது குறைந்துவிடும். அப்புறம் மைக்கோபிளாஸ்மா என்ற, வளர்க்கும் செல்களைத் தொற்றும் குட்டி பாக்டீரியாவுக்கான சோதனை, இதைத் தள்ளிப்போடவே கூடாது. சாதாரண மைக்ரோஸ்கோப்பில் அது தெரியாது, செல்சுவர் இல்லாததால் மீடியத்தில் போடும் பெனிசிலினுக்கும் சாகாது. ஏன் சாகாது என்பதை அந்த ஆய்வகத்தில் மற்றவர்களைவிட நீங்கள் நன்றாக விளக்குவீர்கள்.

உயிரியல் பேச்சு புரியவில்லை என்பது ஆறு மாதத்தில் சரியாகிற விஷயம். வாரம் ஒரு கட்டுரையை எடுத்து, படங்களை மட்டும் வைத்து, பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுக் கேட்டுப் படியுங்கள். அவர்களுக்கும் உங்களிடம் கேட்க நிறைய இருக்கிறது, கூச்சத்தில் கேட்கமாட்டார்கள்.

இந்த இரண்டு படிப்பும் சேர்கிற இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவது அசைக்ளோவிர். ஹெர்பிஸ் வைரஸ் தன்னுடைய தைமிடின் கைனேஸ் என்ற நொதியால் அந்த மருந்தில் முதல் பாஸ்பேட்டை ஒட்டுகிறது, அதற்குப் பிறகுதான் மருந்துக்கு உயிர் வருகிறது, வைரஸின் டிஎன்ஏ வளர்வது நிற்கிறது. வைரஸ் இல்லாத செல்லில் அந்த முதல் படி அநேகமாக நடப்பதே இல்லை. அதனால்தான் நல்ல செல்லுக்குப் பாதிப்பு குறைவு. அது உருவான ஆய்வுக்குழுவை நடத்திய கெர்ட்ரூட் எலியன் பிஎச்.டி. முடித்தவர் இல்லை, வேலை பார்த்தது ஒரு மருந்துக் கம்பெனியில், 1988-இல் நோபல் பரிசு வாங்கினார். ஆகவே கம்பெனிக்குப் போவதைத் தோல்வியாக நினைக்காதீர்கள், அங்கேயும் ஆராய்ச்சி இருக்கிறது. ஆனால் போகிறவர் ரிசல்ட் வராத பயத்தில் ஓடிப் போகக் கூடாது.

ஆறு மாதம் கெடு வையுங்கள். மேலே சொன்னதைச் சரிபார்த்துவிட்டு, வெவ்வேறு நாட்களில் மூன்று தடவை செய்து, வராத ரிசல்ட்டையும் சேர்த்துக் கைடிடம் நோட்டுப் புத்தகத்தோடு போய் உட்காருங்கள். அவர் அதைப் பார்க்கவே நேரம் தராதவர் என்றால், அல்லது நல்ல ரிசல்ட்டை மட்டும் எடுத்துக்கொள் என்று சொன்னால், சேர்மத்தில் கோளாறு இல்லை, நீங்கள் மாற்ற வேண்டியது ஆய்வகத்தை. அந்த செல் இல்லாத பிளேட்டில் என்ன தெரிந்தது என்று எனக்கு எழுதுங்கள்.