டீலர் கொடுத்த வண்டி, அமெச்சூர் ஓட்டிய ரேஸ்: கேள்வி பதில்

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் ரேஸ்களில் டீலர்களின் பங்கு பற்றி நான் எழுதியதற்கு நிறையக் கேள்விகள் வந்திருந்தன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

கோவையிலிருந்து ஒருவர்: அமெச்சூர் ரேஸில் பரிசுப் பணமே கிடையாது என்கிறீர்கள். அப்புறம் டீலர் எதற்காகக் கைக்காசு போட்டார்?

விற்கத்தான். 1944ல் தொடங்கிய எஸ்சிசிஏ என்கிற ஸ்போர்ட்ஸ் கார் கிளப் பணத்துக்கு ஓட்டுவதையே ஏற்கவில்லை, ஜெயித்தால் ஒரு கோப்பை, அவ்வளவுதான். ஆனால் அந்த நேரத்து டீலரின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். எம்ஜி டிசி என்று ஒரு வண்டி இங்கிலாந்திலிருந்து வந்து இறங்குகிறது, 1250 சிசி, 54 குதிரைத்திறன், மாட்டு வண்டிச் சக்கரம் போல மெல்லிய கம்பிச் சக்கரங்கள். பெரிய எட்டு சிலிண்டர் வண்டி ஓட்டிப் பழகிய அமெரிக்கரிடம் இதை நிறுத்திவைத்துக் காட்டினால் சிரிப்பார். வளைவில் எப்படித் திரும்புகிறது என்று காட்டினால்தான் வாங்குவார். மொத்தம் தயாரான சுமார் 10,000 டிசிகளில் அமெரிக்காவுக்குப் போனவை 2,000 சொச்சம்தான், ஆனாலும் ஒரு தலைமுறையே அதில்தான் ரேஸ் கற்றுக்கொண்டது.

சான் பிரான்சிஸ்கோவில் பிரிட்டிஷ் கார்களை இறக்குமதி செய்த செல் குவாலே 1950ல் கலிபோர்னியாவின் பெபிள் பீச் ரேஸ் தொடங்குவதற்கு முன்னின்றவர்களில் ஒருவர். வண்டி விற்பவரே ரேஸையும் உண்டாக்கினார் என்பதைக் கவனியுங்கள். அந்த முதல் வருட முக்கியப் போட்டியில் ஜாகுவார் எக்ஸ்கே120 ஓட்டி ஜெயித்த ஃபில் ஹில், லாஸ் ஏஞ்சலீஸில் ஒரு வெளிநாட்டுக் கார் டீலரிடம் வேலை பார்த்தவர். 1961ல் அவர் ஃபார்முலா ஒன் உலக சாம்பியன் ஆனார்.

பெயர் சொல்ல விரும்பாத ஒருவர்: பணமே கொடுக்காமல் எப்படி ஸ்பான்சர் செய்வது?

பணத்தைத் தவிர எல்லாம் கொடுத்தார்கள். ஷோரூமில் நிற்கும் வண்டி, டயர், பார்ட்ஸ், சனிக்கிழமை ராத்திரி இரண்டு மணி வரை ஒர்க்‌ஷாப்பில் உட்கார்ந்து வால்வு சரிசெய்யும் மெக்கானிக். சிலருக்கு வேலையே கொடுத்தார்கள். கென் மைல்ஸ் இங்கிலாந்திலிருந்து வந்து லாஸ் ஏஞ்சலீஸில் எம்ஜி விநியோகஸ்தரிடம் சர்வீஸ் பார்த்துக்கொண்டே, எம்ஜி பாகங்களை வைத்து 1953ல் ஆர்1 என்ற வண்டியைக் கட்டினார். அது தன்னைவிடப் பல மடங்கு விலையுள்ள வண்டிகளையெல்லாம் பின்னுக்குத் தள்ளியது.

டீலரே ஓட்டியதும் உண்டு. பென்சில்வேனியாவில் வாரிங்டன் என்ற ஊரில் போர்ஷே விற்ற பாப் ஹோல்பர்ட் வாரம் முழுக்கக் கடையைக் கவனித்துவிட்டு வார இறுதியில் ரேஸுக்குப் போவார். எஸ்சிசிஏ கடைசியில் மனம் மாறி, பரிசுப் பணத்துடன் 1963ல் யுஎஸ்ஆர்ஆர்சி என்ற தொடரைத் தொடங்கியபோது முதல் சாம்பியன் அவர்தான். எனக்கு இந்த வகை ஆட்கள் மேல்தான் தனி மரியாதை. வண்டி பழுதானால் சரிசெய்யவும் தெரியும், ஏன் பழுதானது என்று வாடிக்கையாளரிடம் நேராகச் சொல்லவும் தெரியும்.

திருச்சியிலிருந்து ஒரு மாணவி: ரேஸ் நாள் எப்படி இருக்கும்? ரோட்டில் ஓட்டும் அதே வண்டியா?

தொடக்க வருடங்களில் பெரும்பாலும் அதே வண்டிதான். வீட்டிலிருந்து ஓட்டிக்கொண்டே போவார்கள், டிக்கியில் டூல்ஸ், பக்கத்து சீட்டில் ஸ்பேர் டயர். போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை ஹெட்லைட் கண்ணாடி மேல் குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டுவது, கல் பட்டு உடைந்தாலும் சில்லு பாதையில் சிதறக் கூடாது. சக்கர மூடிகளைக் கழற்றுவார்கள். கதவில் எண் ஒட்டுவார்கள். டிசியில் முன் கண்ணாடியைத் தளர்த்தி அப்படியே முன்பக்கமாக மடக்கிப் படுக்கவைத்துவிடலாம், காற்று முகத்தில் அடிக்கும், ஆனால் நேர்ப் பாதையில் கொஞ்சம் வேகம் கூடும். சக்கரத்தின் நடுவில் காது வைத்த ஒரு பெரிய நட் இருக்கும், சுத்தியலால் நாலு தட்டு தட்டினால் சக்கரம் கையோடு வந்துவிடும். ரேஸ் முடிந்து வண்டி உருப்படியாக இருந்தால் டேப்பைப் பிய்த்துவிட்டு அதிலேயே வீட்டுக்கு. திங்கட்கிழமை அதே வண்டியில் ஆபீஸ்.

போர்ஷே ஸ்பீட்ஸ்டர் ஒரு டீலர் கேட்டு வாங்கிய வண்டி என்பது உண்மையா?

உண்மை. நியூயார்க்கில் மாக்ஸ் ஹாஃப்மன், ஆஸ்திரியாவிலிருந்து வந்தவர், 1950 முதல் போர்ஷேயை அமெரிக்காவில் விற்றவர், தானே ரேஸும் ஓட்டியவர். விலை குறைந்த, சொகுசில்லாத ஒரு வண்டி வேண்டும் என்று கம்பெனியை விடாமல் நச்சரித்தார். 1954ல் வந்த ஸ்பீட்ஸ்டரின் விலை 2,995 டாலர். தாழ்வான முன் கண்ணாடியைப் போல்ட்டைக் கழற்றித் தனியே எடுத்துவிடலாம், ஏற்றி இறக்கும் பக்கக் கண்ணாடி கிடையாது. ரேஸுக்குப் போகிறவனுக்கு என்ன வேண்டாம் என்று தெரிந்த ஒருவர் சொல்லிச் செய்த வண்டி அது. மேற்குக் கரையில் ஜான் வான் நியூமனும் இதே ரகம், எடை குறைக்க ஒரு போர்ஷே 356ன் கூரையையே வெட்டி எறிந்துவிட்டு ஓட்டினார். நாட்டின் இரண்டு கரையிலும் இரண்டு டீலர்கள் ஒரே திசையில் யோசித்திருக்கிறார்கள்.

சேலத்திலிருந்து ஒரு மெக்கானிக்: அமெரிக்கக் கம்பெனிகள் ரேஸை விட்டு விலகின என்று படித்தேன். பிறகு செவ்ரோலேயின் ஸ்போர்ட்ஸ் காரான கார்வெட் எப்படி ஜெயித்தது?

நல்ல கேள்வி, இதில்தான் டீலர் உண்மையிலேயே பெரிய ஆள் ஆனார். 1957 ஜூனில் அமெரிக்கக் கார் தயாரிப்பாளர் சங்கம், கம்பெனிகள் ரேஸில் ஈடுபடக் கூடாது என்று முடிவெடுத்தது. முன்வாசல் அடைபட்டது, கொல்லைவாசல் திறந்தது. உறுதியான பிரேக், சஸ்பென்ஷன் எல்லாம் ஆர்டர் படிவத்தில் ஒரு எண்ணாக இருந்தன, யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம், எதைக் கேட்க வேண்டும் என்று டீலருக்குத் தெரியும். சிகாகோவின் நிக்கி செவ்ரோலே என்ற டீலர் கடை ஊதா நிற கார்வெட்களை இறக்கியது, ஜிம் ஜெஃபர்ட்ஸ் ஓட்டினார், 1958, 1959 இரண்டு வருடமும், கடையில் விற்கும் வண்டிகளுக்கான பி புரொடக்‌ஷன் பிரிவில் தேசிய சாம்பியன்.

அடுத்தவர் டான் யென்கோ, பென்சில்வேனியாவின் கேனன்ஸ்பர்கில் குடும்பத்து செவ்ரோலே கடை. 1962, 1963ல் கார்வெட்டில் அதே பட்டம். பிறகு ரேஸ் ஓட்டுநர் கரோல் ஷெல்பி தயாரித்த வண்டிகள் வந்ததும் கார்வெட் திணறியது, அவரும் வேறு வண்டி தேடினார். பின்பக்க இன்ஜின் உள்ள செவ்ரோலே கார்வேரைப் பிடித்தார். ஆனால் அது நாலு பேர் உட்காரும் வண்டி, எஸ்சிசிஏ கணக்கில் ஸ்போர்ட்ஸ் கார் இல்லை. பின் சீட்டை எடுத்துவிட்டு, நூறு வண்டி தயாரித்துக் காட்டினால் சேர்த்துக்கொள்வதாகக் கிளப் சொன்னது. கம்பெனியே செய்ய வேண்டியதை ஒரு ஊர் டீலர் செய்தார்: நூறு வெள்ளை கார்வேர்களை மொத்தமாக ஆர்டர் கொடுத்து, 1965 முடிவதற்குள் தன் ஆட்களை வைத்து மாற்றி, ஸ்டிங்கர் என்று பெயரிட்டு ஆய்வுக்கு நிறுத்தினார். 1967ல் ஜெர்ரி தாம்சன் ஓட்டிய ஸ்டிங்கர் டி புரொடக்‌ஷனில் தேசியப் பட்டம் வென்றது. ஒரு வண்டிக்கடை முதலாளி இவ்வளவு தூரம் போனார் என்று நினைத்தால் இன்றும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

பெண்கள் ஓட்டினார்களா?

ஓட்டினார்கள். பல இடங்களில் பெண்களுக்கென்று தனி ரேஸ் வைத்தார்கள், அதோடு நிற்காமல் ஆண்களோடும் மோதினார்கள். வான் நியூமன் வீட்டுப் பெண் ஜோசி கலிபோர்னியாவில் தொடர்ந்து ஓட்டினார். பத்திரிகையாளர் டெனிஸ் மக்ளக்கேஜ் 1961ல் செப்ரிங் 12 மணி நேர ரேஸில் ஃபெராரியில் ஜிடி பிரிவை வென்றார்.

மதுரையிலிருந்து: ஊர் ரோட்டிலேயே ரேஸ் நடந்ததாமே, ஆபத்தில்லையா?

ஆபத்துதான், மறைக்க எதுவும் இல்லை. நியூயார்க் மாநிலத்தின் வாட்கின்ஸ் கிளென் ஊரில் 1948ல் தொடங்கிய பாதை 6.6 மைல், கடைத்தெரு, கல் பாலம், ரயில்வே கிராசிங் எல்லாம் அதில் அடக்கம், ரேஸுக்காக ரயிலையே நிறுத்தினார்கள். 1950ல் ஓட்டுநர் சாம் காலியர் இறந்தார். 1952ல் ஓரத்தில் நின்று பார்த்த ஏழு வயதுப் பையன் இறந்தான். அதோடு ஊருக்குள் ரேஸ் முடிந்தது. பெபிள் பீச்சில் 1956ல் எர்னி மகஃபி மரத்தில் மோதி இறந்தார், அடுத்த வருடமே லகுனா சேகாவில் தனி டிராக் வந்துவிட்டது. இடையில் விமானப்படைத் தளபதி கர்ட்டிஸ் லமே தன் தளங்களின் ஓடுபாதைகளை 1952 முதல் 1954 வரை ரேஸுக்குக் கொடுத்தார். நம் சோழவரத்தில் பழைய விமான ஓடுபாதையில் ரேஸ் பார்த்தவர்களுக்கு இது எப்படிப்பட்ட இடம் என்று நான் சொல்லத் தேவையில்லை: சமதளம், வெயில், மோதுவதற்கு மரம் கிடையாது.

டீலர் உதவி இருந்தால் அது அமெச்சூரே இல்லை, ஏமாற்று என்கிறார் என் நண்பர். நீங்கள்?

விதியின் எழுத்தை வைத்துப் பார்த்தால் உங்கள் நண்பர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் டீலரை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது பரம்பரைப் பணக்காரர்கள் மட்டும்தான். கரோல் ஷெல்பி கோழிப் பண்ணை வைத்து நஷ்டப்பட்டவர், 1952ல் நண்பரின் எம்ஜி டிசியை இரவல் வாங்கி ஓட்டித்தான் ஆரம்பித்தார், பிறகும் பெரும்பாலும் ஓட்டியது அடுத்தவர் வண்டிகளை. 1957ல் டல்லாஸில் தானே ஸ்போர்ட்ஸ் கார் கடை போட்டார், 1959ல் பிரான்ஸின் லெ மான் 24 மணி நேர ரேஸை ஜெயித்தார். கோப்பை மட்டும்தான் என்ற விதியைக் கடைசிவரை கண்டிப்பாகப் பிடித்திருந்தால் இப்படி ஒருவர் மேலே வந்திருக்கவே முடியாது.

இப்போது போய்ப் பார்க்க ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. வாட்கின்ஸ் கிளென் போனால் ஃபிராங்க்ளின் தெருவில் கோர்ட் கட்டடத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்துங்கள், 1948ல் கொடி விழுந்தது அங்கேதான். அங்கிருந்து பழைய பாதை முழுவதையும் சாதாரண வேகத்தில் ஓட்டிப் பார்க்கலாம், பொது ரோடுதான். ஊரைத் தாண்டி மேடு ஏறி, கல் பாலம் வரும்போது வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். நான் போனபோது எதிரே ஒரு லாரி வந்தது, இரண்டு வண்டி ஒதுங்கவே இடம் போதவில்லை.