கேள்வி–பதில்: எட்டாயிரம் ரிங்கிட்டில் ஒரு ஸோம்பி படம்

கேள்வி: நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து தமிழில் ஒரு ஸோம்பி திகில் படம் எடுக்க இருக்கிறோம். கையில் எட்டாயிரம் ரிங்கிட் இருக்கிறது, கேமரா சொந்தம். பிரிக்பீல்ட்ஸ் தெருவில் ஐம்பது ஸோம்பிகள் நடந்து வருவதாக முதல் காட்சியை எழுதியிருக்கிறேன். இது நடக்கிற காரியமா?
– வாசகர், செந்தூல்

பதில்: படம் நடக்கும், அந்த முதல் காட்சி நடக்காது. முகத்துக்கு இருபது நிமிடம் என்று வைத்து இருவர் ஒப்பனை செய்தாலும், ஐம்பதாவது ஆள் நாற்காலியை விட்டு எழும்போது எட்டு மணி நேரம் கடந்திருக்கும். முதல் ஆளின் முகமோ கோலாலம்பூர் வெயிலில் வழிந்து சட்டைக்கு வந்திருக்கும்.

அமெரிக்க இயக்குநர் ஜார்ஜ் ரொமேரோ 1968-இல் வெளியிட்ட ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ படத்தைத் திரும்பப் பாருங்கள். பத்துப் பேர் ஆளுக்கு 600 டாலர் போட்டுத் தொடங்கிய அந்தப் படம், ஏறத்தாழ 1,14,000 டாலரில் முடிந்தது. பணம் இல்லாததால் கதை பெரும்பாலும் ஒரே பண்ணை வீட்டுக்குள் அடைபட்டது. அடைபட்டதால்தான் அது பயமுறுத்துகிறது என்பது என் கருத்து. வெளியே நிற்கும் பிணங்களை விட, நிலவறைக்குள் ஒளிவதா மேலேயே நின்று போராடுவதா என்று உள்ளே இருப்பவர்கள் போடும் சண்டையே நம்மைப் பதற வைக்கிறது. சண்டைக்குச் செலவு கிடையாது. தோட்டத்து லயத்தில் ஒரு வீடு, ஆணியடித்த சன்னல், தகரக் கூரையில் மழை, கதவுக்கு வெளியே ஆறு பேர் போதும். மிச்சப் பேரை ஒலியில் காட்டுங்கள். ஆகவே நல்ல மைக்குக்குக் கஞ்சத்தனம் வேண்டாம்.

ரத்தத்துக்கு அவர்கள் சாக்லேட் சிரப்பைப் பயன்படுத்தினார்கள். கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் அது எடுபட்டது. வண்ணத்தில் எடுக்கும் நீங்கள், நம் வீடுகளில் பண்டோங் கலக்கும் ரோஜா சிரப்பில் சோளமாவுக் கஞ்சியும் ஒரு சிட்டிகை கொக்கோவும் சேர்த்துப் பாருங்கள். கொக்கோ இல்லாவிட்டால் கல்யாண வீட்டுச் சர்பத் போல இளஞ்சிவப்பாகத் தெரியும். தரையில் சிந்தியதை உடனே துடைத்துவிடுங்கள், எறும்புகள் இயக்குநர் சொல் கேட்பதில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ரொமேரோவின் படத்துக்கு முதலில் வேறு பெயர் இருந்தது. விநியோகஸ்தர் பெயரை மாற்றியபோது, தலைப்பு அட்டையில் இருந்த பதிப்புரிமைக் குறியும் சேர்ந்தே காணாமல் போனது. அன்றைய அமெரிக்கச் சட்டம் அந்தக் குறியைக் கட்டாயமாக்கியிருந்ததால் படம் யாருக்கும் உரிமையில்லாத பொதுச் சொத்தாகிவிட, யார் வேண்டுமானாலும் பிரதி எடுத்து விற்றார்கள். எடுத்தவர்களுக்கு வரவேண்டிய பணத்தில் பெரும்பகுதி வரவே இல்லை. மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் குறி போடும் கட்டாயம் இல்லை என்றாலும், படம் ஐவரில் யாருக்குச் சொந்தம், இசையமைத்தவருக்கு என்ன பங்கு என்பதைப் படப்பிடிப்புக்கு முன்பே எழுதி, ஐவரும் கையெழுத்திடுங்கள். படத் தயாரிப்புக்கு உரிமம் வழங்குவது பினாஸ் எனப்படும் மலேசியத் தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகம். உங்கள் முயற்சிக்கு எந்த உரிமம் தேவை என்பதையும் அங்கே முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். இவை முடிந்த பிறகு சிரப் வாங்கப் போகலாம்.