பக்கத்துக்காரர் சுவரை இடிக்கலாமா?

கேள்வி: உச்சிப்புளி பக்கம் சரிவான மணல்மேட்டில் எங்களுக்கு மா, கொய்யா, சப்போட்டா தோட்டம் இருக்கிறது. மழைத்தண்ணீர் எப்போதும் கீழே இருக்கும் பக்கத்து நிலத்துக்குத்தான் இறங்கும். போன மழைக்கு முன்னால் நான் ஒரு வாய்க்கால் வெட்டி அந்தப் பக்கம் திருப்பினேன். அவர் எல்லையில் சுவர் எழுப்பிவிட்டார். இப்போது தண்ணீர் தேங்கி மரங்களின் வேர் அழுகுகிறது. சுவரை இடிக்கலாமா?

பதில்: இடிக்காதீர்கள் அய்யா. வசதியுரிமைக்கு, அதாவது நம் நிலத்தின் வசதிக்காக அடுத்தவர் நிலத்தின் மேல் இருக்கும் உரிமைக்கு, தடை வந்தாலும் அதை நீங்களே அகற்றக்கூடாது என்று 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 36-ஆவது பிரிவு சொல்கிறது. கடப்பாரையைத் தூக்கினால், சொத்தைச் சேதப்படுத்தியதாக உங்கள் மேல்தான் போலீசில் புகார் போகும்.

மேட்டு நிலத்தில் பெய்யும் மழை இயல்பாக வழிந்து பள்ளத்து நிலத்துக்குப் போவதைக் கீழே இருப்பவர் தடுக்கக்கூடாது. அதே சட்டத்தின் 7-ஆவது பிரிவில் இது உதாரணமாகவே எழுதப்பட்டிருக்கிறது, இத்தனை வருஷம் அனுபவித்தோம் என்று நிரூபிக்கவும் வேண்டியதில்லை, நிலத்தோடு கூடவே வருகிற உரிமை. ஆனால் சிக்கல் முழுக்க 'இயல்பாக' என்ற சொல்லில்தான் இருக்கிறது. பரவலாக இறங்கிய தண்ணீரை ஒரே இடத்தில் கூட்டி அவர் நிலத்தில் கொட்டியிருக்கிறீர்கள். அதை உரிமை என்று கேட்க 15-ஆவது பிரிவுப்படி 20 வருஷ அனுபவம் வேண்டும், உங்கள் வாய்க்காலுக்கோ இன்னும் இரண்டு வயது ஆகவில்லை.

அதனால் முதலில் வாய்க்காலை மூடுங்கள். சரிவுக்குக் குறுக்கே வரப்புப் போட்டால் கொஞ்சம் தண்ணீர் மேலேயே மணலில் இறங்கும், நம்ம ஊரில் அதை ஏன் விடவேண்டும்? அப்புறம் வக்கீல் நோட்டீஸ். அவர் மசியவில்லை என்றால் முன்சீப் கோர்ட்டில், தண்ணீர் போக வழிவிடச் சொல்லிச் செயலுறுத்துக் கட்டளை (ஒன்றைச் செய்தே ஆகவேண்டும் என்ற கோர்ட் உத்தரவு) கேட்டு வழக்குப் போடலாம். மரங்களுக்கு நஷ்டஈடும் சேர்த்துக் கேளுங்கள். கூடவே, இடத்தைப் பார்த்து அறிக்கை தர ஒரு வழக்கறிஞர் ஆணையரைச் சர்வேயரோடு அனுப்பச் சொல்லி மனுப் போடுங்கள். சித்திரை வெயிலில் அவர் வந்தால் காய்ந்த மணலைத்தான் பார்த்துவிட்டுப் போவார், வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் நிற்கும்போது வந்தால்தான் உங்களுக்குப் பலன்.

ஆகவே ஐப்பசிக்கு முன்னாலேயே பட்டா, பத்திரம், புலப்படம் (நிலத்தின் எல்லை அளவுகளைக் காட்டும் சர்வே வரைபடம்) எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வக்கீலைப் பாருங்கள். செலவுக்குத் தடுமாற்றம் என்றால் கோர்ட் வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் குழுவில் கேளுங்கள், நிலம் வீட்டுக்காரம்மா பெயரில் இருந்தால் அவருக்கு வக்கீல் இலவசம்.