வேனுக்குள் ஏர் ஃப்ரையர்: இன்வெர்ட்டர் ஏன் அணைகிறது?

ஒகேனக்கல்லில் மீனை மசாலா தடவி, வேனில் இருக்கும் ஏர் ஃப்ரையருக்குள் வைத்ததுமே இன்வெர்ட்டர் கீச்சென்று கத்தி அணைந்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். ஃப்ரையரில் பழுது இருக்காது சார். அது 1400 வாட், உங்கள் இன்வெர்ட்டர் 1000 வாட். அது எப்படித் தாங்கும்?

பெரிய இன்வெர்ட்டர் மட்டும் வாங்கிவிடாதீர்கள். 12 வோல்ட் பேட்டரியில் 1400 வாட் என்றால், இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்து சுமார் 130 ஆம்பியர் ஓடும். 20 நிமிடத்துக்கு 43 ஆம்பியர் மணி (பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அளவு) செலவாகும். உங்கள் 100 ஆம்பியர் மணி லெட் ஆசிட் பேட்டரியில் பாதிதான் நிம்மதியாக எடுக்கலாம். இவ்வளவு வேகமாக இழுத்தால் அதுவும் கிடைக்காது. 200 ஆம்பியர் மணி லித்தியம், 2000 வாட் ப்யூர் சைன் (வீட்டு மின்சாரம் போலச் சீராகத் தரும்) இன்வெர்ட்டர், தடிமனான குட்டை கேபிள், பேட்டரி பக்கத்திலேயே ஃபியூஸ் எல்லாம் வேண்டும்.

அதுவரை தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ லாட்ஜில் தங்கும்போது 16 ஆம்பியர் பிளக் கேட்டு வாங்குங்கள். சாதாரண 6 ஆம்பியர் பிளக்கில் போட வேண்டாம், சூடேறும். வேனுக்குள் வைத்தால் ஃப்ரையரின் பின்பக்கம் ஒரு சாண் இடம் விடுங்கள், அங்கேதான் அனல் வெளியேறும். திரைச்சீலை பக்கத்தில் இருக்கவே கூடாது.

அப்புறம், ஒகேனக்கல்லில் மீன் வாங்கினால் அங்கேயே வறுத்துத் தரும் அக்காக்கள் இருக்கிறார்கள். அந்த ருசி ஃப்ரையரில் வராது.