மலைமேல் டிரெய்லர் இழுக்க எந்த பிக்கப்: பெட்ரோலா, டீசலா?

கேள்வி: டென்வர் பக்கம் இருக்கிறோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள். படுக்கை, சமையலறையெல்லாம் உள்ள டிரெய்லர் ஒன்று வாங்கப்போகிறோம். சாமான், தண்ணீர் எல்லாம் சேர்த்து 7,500 பவுண்டு வரும். கோடையில் நாலைந்து தடவை மலைக்குப் போவோம். மற்ற நாளில் அதே வண்டியில்தான் ஆபீஸ், ஐந்து மைல் தூரம். டீசல் இல்லாமல் ராக்கி மலையில் ஏறவே ஏறாதே என்கிறார் மைத்துனர். பெட்ரோலே தாராளம் என்கிறார் டீலர். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: உங்கள் கணக்குக்கு டீலர் சொல்வதுதான் சரி. ஆனால் எந்த பெட்ரோல் வண்டி என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அவர் காட்டும் விளம்பரத் தாளை ஓரமாக வைத்துவிட்டு, வாங்க நினைக்கும் வண்டியின் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து பாருங்கள். கதவு மூடும் தூணில் வெள்ளையும் மஞ்சளுமாக ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக்கூடாது என்று அதில் போட்டிருக்கும். இதுதான் பேலோட். இழுவைத் திறன் 11,000 பவுண்டு என்று விளம்பரம் சொல்லும் வண்டியிலும் முதலில் தீர்ந்துபோவது பெரும்பாலும் இதுதான்.

உங்கள் கணக்கையே போடுவோம். டிரெய்லரின் எடையில் 10 முதல் 15 சதவீதம், வண்டியோடு டிரெய்லரை மாட்டும் ஹிட்ச்சின் வழியாக வண்டியின் முதுகில் உட்காரும். 7,500-க்கு சுமார் 950 பவுண்டு என்று வையுங்கள். எடையைப் பிரித்துக் கொடுக்கும் ஹிட்ச் 100. நீங்கள் நால்வரும் 500. பின்னால் போடும் ஐஸ் பெட்டி, சைக்கிள், விறகு 150. ஆக 1,700 பவுண்டு. தோல் சீட், கண்ணாடிக் கூரை, நான்கு சக்கர இயக்கம் என்று எல்லாம் வைத்த அரை டன் பிக்கப் (ஃபோர்ட் எஃப்-150 போன்ற சிறிய வகை) பலவற்றில் ஸ்டிக்கர் 1,700-ஐத் தொடாது. விளம்பர எண்ணுக்கு அடிப்படையான எஸ்ஏஇ ஜே2807 சோதனை விதி, வண்டிக்குள் இரண்டே பேர், தலைக்கு 150 பவுண்டு என்றுதான் வைத்துக்கொள்கிறது. பிள்ளைகளும் சைக்கிளும் அந்தக் கணக்கில் இல்லை.

டீசலுக்கு இங்கேயே ஒரு அடி விழுகிறது. டீசல் எஞ்சின் பல நூறு பவுண்டு கூடுதல் கனம், அந்தக் கனம் நேராக பேலோடில் கழியும். ஒரே முக்கால் டன் (அதற்கு அடுத்த பெரிய வகை) மாடலில் பெட்ரோல் வண்டி டீசலைவிட அதிகம் சுமப்பதைப் பார்த்துப் பலர் திகைத்துப்போகிறார்கள். அதிகம் இழுப்பது டீசல், அதிகம் சுமப்பது பெட்ரோல். உங்களுக்கு முதலில் முட்டுவது சுமைதான்.

சரி, மைத்துனர் பயப்படும் ஏற்றத்துக்கு வருவோம். அவர் பயத்திலும் நியாயம் இருக்கிறது. ஃபோர்டின் முக்கால் டன் வண்டியில் வரும் 7.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சினின் டார்க், அதாவது முறுக்கு விசை, 485 பவுண்டு-அடி, அதுவும் நிமிடத்துக்கு 4,000 சுற்றில். அதே வண்டியில் வரும் 6.7 லிட்டர் டீசல் 1,050 தரும், அதில் பாதிச் சுற்றுகூட வேண்டாம். அதனால்தான் டீசல் ஓட்டுபவருக்கு ஏற்றம் ஏறுவதே தெரியாது. ஆனால் மேட்டில் வேகத்தைத் தீர்மானிப்பது டார்க் அல்ல, குதிரைத்திறன். அது பெட்ரோலில் 430, டீசலில் 475. தரைமட்டத்தில் பெரிய வித்தியாசமில்லை.

உயரத்தில்தான் கதை மாறும். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத எஞ்சின், இந்த 7.3 போல, ஒவ்வொரு 1,000 அடிக்கும் சுமார் 3 சதவீத சக்தியை இழக்கும், ஏனென்றால் மேலே போகப்போகக் காற்றின் அடர்த்தி குறைகிறது. ஐ-70 நெடுஞ்சாலையில் ஐசன்ஹவர் சுரங்கப்பாதை 11,000 அடிக்கு மேல். அங்கே போய்ச் சேரும்போது அந்த 430 குதிரைகளில் 290 போலத்தான் மிச்சம். போதுமா? வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 15,000 பவுண்டு, 7 சதவீத ஏற்றம், மணிக்கு 45 மைல் என்றால், மேலே தூக்கிக்கொண்டு போக மட்டும் சுமார் 126 குதிரைத்திறன் வேண்டும். காற்றின் எதிர்ப்பும் டயர் உராய்வும் சேர்த்தாலும் 200-க்குள் அடங்கிவிடும். ஆக, ஏறும். எஞ்சின் 4,500 சுற்றில் அலறிக்கொண்டே ஏறும். அந்தச் சத்தத்தில் வண்டி கெட்டுவிடும் என்று நினைக்க வேண்டாம், அந்த எஞ்சினின் பிழைப்பே அந்தச் சுற்றில்தான். ஆனால் பின் சீட்டில் பிள்ளைகள் தூங்க மாட்டார்கள்.

டர்போ வைத்த பெட்ரோல் எஞ்சின் என்றால் இந்த இழப்பு வெகுவாகக் குறையும். ஃபோர்ட் எஃப்-150-இல் வரும் 3.5 லிட்டர் ஈகோபூஸ்ட் அந்த வகை. சக்தியில் குறையே சொல்ல முடியாது, பேலோட் இடம் கொடுத்தால்.

என்னைக் கேட்டால் டீசலின் உண்மையான பெருமை ஏற்றத்தில் இல்லை, இறக்கத்தில் இருக்கிறது. பெரிய டீசல் பிக்கப்களில் எக்ஸாஸ்ட் பிரேக் உண்டு. டர்போவின் இறக்கைகளை மடக்கிப் புகைவழியை அடைத்தால் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும். சுரங்கத்தைத் தாண்டி சில்வர்தார்னுக்கு இறங்கும்போது பிரேக்கில் கால் வைக்காமலே ஒரே வேகத்தில் வரலாம். பெட்ரோல் வண்டியில் டிரெய்லர் இழுப்பதற்கான டோ/ஹால் பொத்தானை அழுத்தி, உச்சியிலேயே கியரைக் குறைத்து, வேகம் கூடினால் அழுத்தமாக ஒரு தடவை பிரேக் பிடித்துவிட்டுக் காலை எடுக்க வேண்டும். லேசாக மிதித்துக்கொண்டே இறங்கினால் பிரேக் சூடேறிக் கடைசியில் பிடிக்காது. டிரெய்லரின் மின்சார பிரேக் சரியாக வேலை செய்கிறதா என்று கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள். பெட்ரோல் வண்டி ஓட்டுபவரின் கவனத்தைக் கூடுதலாகக் கேட்கும், அவ்வளவுதான்.

இனி பணம். முக்கால் டன் வண்டியில் டீசல் எஞ்சினுக்கு மட்டும் 10,000 டாலர் அளவில் கூடுதலாகக் கேட்பார்கள். ஆண்டுக்கு 3,000 மைல் டிரெய்லரோடு, 7,000 மைல் வெறுமனே ஓட்டுவதாக வைப்போம். இழுக்கும்போது பெட்ரோல் வண்டி காலனுக்கு 9 மைல், டீசல் 12. வெறும் வண்டியில் 14, 18. விலை பெட்ரோல் 3 டாலர், டீசல் 3.60 என்று வைத்தால், பெட்ரோல் செலவு 2,500 டாலர், டீசல் செலவு 2,300. ஆண்டுக்கு மிச்சம் 200 டாலர். போட்ட பணத்தை எடுக்க 50 ஆண்டு! அந்த 200-ஐயும் விட்டுவைக்காமல் டீசலுக்கு ஆயில் அதிகம், எரிபொருள் ஃபில்டர்கள் தனி, புகையைச் சுத்தம் செய்யும் டெஃப் திரவம் தனி. டீசல் வண்டியை விற்கும்போது நல்ல விலை போகும் என்பது உண்மைதான். ஆனால் அது கூடுதலாகப் போட்டதில் ஒரு பகுதியைத்தான் மீட்டுத் தரும்.

இதையெல்லாம்விட உங்களுக்கு டீசல் வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் அந்த ஐந்து மைல் ஆபீஸ்தான். இப்போதைய டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் ஃபில்டர் ஒன்று உண்டு. கரி சேர்ந்ததும் வண்டி தானாகவே அதைச் சூடாக்கி எரிக்கும். அதற்கு நெடுஞ்சாலையில் இருபது முப்பது நிமிடமாவது விடாமல் ஓட வேண்டும். தினமும் எஞ்சின் சூடாகும் முன்பே அணைத்துவிட்டால் எரிப்பு பாதியில் நிற்கும், ஃபில்டர் அடைக்கும், டாஷ்போர்டில் விளக்கு எரியும், அப்புறம் ஒர்க்‌ஷாப் செலவு ஆயிரக்கணக்கில். சுமையே இல்லாமல் சின்னத் தூரம் ஓட்டுவதுதான் டீசலை நோயாளி ஆக்குகிறது.

மாதக்கணக்கில் டிரெய்லரிலேயே வாழப்போகிறோம், 12,000 பவுண்டுக்கு மேல் ஃபிப்த் வீல் (பிக்கப்பின் சரக்குத் தட்டிலேயே மாட்டும் பெரிய டிரெய்லர்) வாங்கப்போகிறோம் என்றால் என் பதில் மாறும். அப்போது மைத்துனர் பக்கம்தான் நிற்பேன்.

நடுவில் ஒரு சபலமும் வரும். செவ்ரோலே சில்வராடோ, ஜிஎம்சி சியரா 1500-இல் கிடைக்கும் 3.0 லிட்டர் டீசல். டார்க் 495, மைலேஜ் அருமை. ஆனால் அரை டன் பேலோடும் ஐந்து மைல் பிரச்சினையும் அதற்கும் உண்டு.

ஆக, அரை டன் வண்டியின் ஸ்டிக்கரில் 1,900-க்கு மேல் இருந்தால் டர்போ பெட்ரோல் எடுங்கள். இல்லையென்றால் முக்கால் டன் பெட்ரோல். எந்த மாடல் என்று சொல்வதோடு விடாமல், நீங்கள் கையெழுத்துப் போடப்போகும் அதே வண்டியின் ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பும்படி டீலரிடம் சொல்லுங்கள். ஒரே மாடலில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு வண்டிக்கு நூற்றுக்கணக்கான பவுண்டு வித்தியாசம் இருக்கும். டிரெய்லர் வந்தபின், சாமான் ஏற்றிக் குடும்பத்தோடு முதல் பயணம் கிளம்பும் அன்று, லாரிகள் நிற்கும் டிரக் ஸ்டாப்பில் கேட் ஸ்கேல் எடைமேடையில் ஒரு தடவை நிறுத்திப் பாருங்கள். முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் என்று தனித்தனியாகச் சீட்டில் வரும்.